ஆடித் தள்ளுபடி இல்லாத ஒரே சரக்கு: காஞ்சிபுரத்தில் பீருக்கு ஏன் ஆஃபர் கிடையாது?

ஆடி பிறந்துவிட்டால் காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் தள்ளுபடி போர்டு இல்லாத கடையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பட்டுச் சேலைக்குத் தள்ளுபடி, செருப்புக்குத் தள்ளுபடி, மிக்ஸி வாங்கினால் குக்கர் இலவசம். பெட்ரோலுக்குக்கூட சில கார்டுகளில் கேஷ்பேக் வருகிறது. ஒரே ஒரு பொருளுக்கு மட்டும் ஆடியும் கிடையாது, தீபாவளியும் கிடையாது. அது பீர்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வேலைக்கு வந்து, வீட்டு வாடகை கட்டுப்படியாகும் என்று காஞ்சிபுரத்தில் தங்கியிருக்கும் இளைஞர்கள் நிறைய பேர். பெங்களூருவிலோ புனேவிலோ இரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்தவர்களுக்கு ‘ஒன் பிளஸ் ஒன்’, ‘ஹேப்பி ஹவர்’, கிராஃப்ட் பீர் எல்லாம் பழகிப்போன சமாச்சாரம். இங்கே வந்து போனில் ‘பீர் ஆஃபர் நியர் மீ’ என்று தட்டினால் கிடைப்பது டாஸ்மாக் கடைக்கு வழி காட்டும் மேப் மட்டும்தான்.

ஏன் இப்படி? ஆஃபர் இல்லாத ஊரில் காசு வீணாகாமல் வாங்குவது எப்படி? கிராஃப்ட் பீர் என்றால் என்ன, அதைச் சுவைத்துப் பார்க்க எவ்வளவு தூரம் போகணும்? பார்ப்போம்.

ஒரே கடைக்காரர், ஒரே விலை

தள்ளுபடி எப்போது வரும்? பக்கத்துக் கடைக்காரர் விலையைக் குறைக்கும்போது. தமிழ்நாட்டில் பீருக்குப் பக்கத்துக் கடைக்காரரே கிடையாது. 1983-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம், அதாவது டாஸ்மாக், முதலில் மொத்த விற்பனையை மட்டும்தான் கையில் வைத்திருந்தது. சில்லறைக் கடைகளைத் தனியார் ஏலம் எடுத்து நடத்தினார்கள். 2003 நவம்பரில் ஜெயலலிதா அரசு சில்லறை விற்பனையையும் டாஸ்மாக்கிடமே கொடுத்தது. அன்றிலிருந்து கம்பெனியிடம் வாங்குவதும் அரசு, விலை வைப்பதும் அரசு, கவுன்ட்டரில் நின்று விற்பதும் அரசு. செவிலிமேட்டில் என்ன விலையோ, சென்னையிலும் கன்னியாகுமரியிலும் அதே விலை.

ஜி.எஸ்.டி.க்குள்ளும் மது வரவில்லை. குடிக்கும் மதுவுக்கு வரி போடும் அதிகாரத்தை அரசியல் சாசனம் மாநிலங்களிடமே விட்டிருக்கிறது. அதனால்தான் புதுச்சேரியில் ஒரு விலை, தமிழ்நாட்டில் ஒரு விலை, கர்நாடகத்தில் வேறொரு விலை. தமிழ்நாட்டில் விலை எந்தத் திசையில் போகும் என்பதில் சஸ்பென்ஸ் எதுவும் இல்லை. கடைசியாகப் பெரிதாகப் பேசப்பட்ட மாற்றம் 2024 பிப்ரவரி 1-ல் வந்தது. 650 மில்லி பீருக்கு 10 ரூபாய் ஏறியது. 2024-25 நிதியாண்டில் மது விற்பனை மூலம் அரசுக்குக் கிடைத்த வருவாய் 48,344 கோடி ரூபாய். முந்தைய ஆண்டில் அது 45,855 கோடி.

காஞ்சிபுரத்துக்கு இதில் தனியாக ஒரு தொடர்பு உண்டு. 1937-ல் ராஜாஜி சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு, காஞ்சிபுரத்துக்காரரான அண்ணா முதல்வராக இருந்த காலம் முழுக்கத் தொடர்ந்தது. அவர் மறைந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, 1971-ல் கருணாநிதி ஆட்சியில்தான் அது ஒத்திவைக்கப்பட்டது. 1974-ல் மறுபடி மூடினார்கள், 1981-ல் மறுபடி திறந்தார்கள். இந்த ‘மூடு, திற’ வரலாறு இன்னும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டில் மது விற்பனையை நடத்தும் சட்டத்தின் பெயர் இன்றைக்கும் ‘தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937’தான். கடையைத் திறந்து வைத்துக்கொண்டு விலக்குச் சட்டத்தில் ஆட்சி நடத்துவது நமக்குக் கைவந்த கலை.

கோயில் ஊர் என்பதால் இன்னொரு கணக்கும் சேர்கிறது. 2003-ம் ஆண்டு சில்லறை விற்பனை விதிகளின்படி மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் கோயில், பள்ளிக்கூடத்திலிருந்து 50 மீட்டருக்குள்ளும், மற்ற இடங்களில் 100 மீட்டருக்குள்ளும் மதுக்கடை இருக்கக் கூடாது. தெருவுக்கு ஒரு கோபுரம் தெரியும் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. போதாததற்கு, நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிரபலமான தீர்ப்பும் தமிழ்நாட்டு வழக்கில் வந்ததுதான். பின்னாளில் அதை ஓரளவு தளர்த்தினார்கள்.

சரி, தள்ளுபடி இல்லாதது குறையா? வெளிப்படையாகச் சொன்னால், இல்லை. மதுவைக் கூவிக் கூவி மலிவாக விற்பது எந்த அரசுக்கும் அழகில்லை. எந்த அளவு மதுவும் உடம்புக்குப் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது என உலக சுகாதார அமைப்பே 2023 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. தறிக்கூலி வாங்கும் அன்றைக்கே அதில் பாதி கடைக்குப் போய்விடுகிற வீடுகளுக்கு ‘இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்’ என்பது நல்ல செய்தி அல்ல. பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. தள்ளுபடி தராத கடை, பாட்டிலில் போட்ட விலைக்காவது தர வேண்டும் இல்லையா?

அந்தப் பத்து ரூபாய்

“கூலிங் பத்து ரூபா சார்.” டாஸ்மாக் கவுன்ட்டருக்கு ஒரு தடவையாவது போனவர்களுக்கு இந்த வசனம் தெரியும். கூலிங் இல்லாவிட்டாலும் சில கடைகளில் பத்து ரூபாய் போகும். கேட்டால் பதில் வராது, பின்னால் நிற்பவர் “சீக்கிரம் வாங்கிட்டு நகருங்க பாஸ்” என்பார்.

இது சின்னக் காசு மாதிரி தெரியும். வாரத்துக்கு இரண்டு பாட்டில் வாங்குபவர் வருஷத்துக்கு 1,040 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறார். தினமும் வாங்குபவருக்கு 3,650 ரூபாய். ஒரு கடையில் நாளைக்கு 500 பாட்டில் போகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், கணக்கில் வராத பணம் ஒரே நாளில் 5,000 ரூபாய். 2025 மார்ச்சில் டாஸ்மாக் தலைமை அலுவலகத்தில் சோதனை நடத்திய அமலாக்கத் துறை, கடைகளில் பாட்டிலுக்கு 10 முதல் 30 ரூபாய் வரை கூடுதலாக வசூலிக்கப்பட்டதாகக் குற்றம்சாட்டியது. தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றம் போனது. மே மாதம் அந்த விசாரணைக்கு இடைக்காலத் தடை வந்தது. வழக்கின் அரசியல் ஒருபுறம் இருக்கட்டும், கவுன்ட்டரில் நிற்பவருக்கு இதெல்லாம் நீதிமன்றம் சொல்லித் தெரிய வேண்டிய சங்கதி இல்லை.

கவுன்ட்டருக்கு உள்ளே இருப்பவர்கள் பக்கமும் ஒரு நியாயம் பேசப்படுகிறது. 2003-லிருந்து தொகுப்பூதியத்தில் வேலை, உடையும் பாட்டிலுக்கு யார் பொறுப்பு, இறக்குகூலி யார் கொடுப்பது, பிரிட்ஜ் ஓடும் கரன்ட் பில் யார் தலையில் என்று ஊழியர் சங்கங்கள் ரொம்ப நாளாகக் கேட்டு வருகின்றன. 2025 ஏப்ரலில் மாதச் சம்பளத்தில் 2,000 ரூபாய் உயர்வு அறிவிக்கப்பட்டது. அந்தக் கேள்விகளை நிர்வாகத்திடம்தான் கேட்க வேண்டும், குடிப்பவர் பாக்கெட்டில் அல்ல.

ஆகவே காஞ்சிபுரத்தில் கிடைக்கும் உண்மையான ‘பீர் டீல்’ ஒன்றே ஒன்றுதான்: எம்.ஆர்.பி. விலைக்கே வாங்குவது. பொட்டலப் பொருள்களை எம்.ஆர்.பி.க்கு மேல் விற்பது எடையளவுச் சட்ட விதிகளின்படி குற்றம். அரசுக் கடைக்கும் அதே விதிதான். டாஸ்மாக் தன் இணையதளத்தில் பிராண்ட் வாரியாக விலைப் பட்டியல் வைத்திருக்கிறது. போவதற்கு முன் அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொண்டால் வாக்குவாதம் சுருக்கமாக முடியும். பில் கேளுங்கள். பாட்டிலை ஸ்கேன் செய்து பில் கொடுக்கும் கருவிகள் 2024 கடைசியில் ராமநாதபுரத்திலும், நமக்குப் பக்கத்து ஊரான அரக்கோணத்திலும் சோதனை முறையில் வந்து, பிறகு மற்ற இடங்களுக்கும் போயின. பில் தராமல் கூடுதலாகக் கேட்டால் கடை எண்ணைக் குறித்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். கடை எண் போர்டிலேயே இருக்கும்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுவோம். காலி பாட்டில் திரும்பப் பெறும் திட்டம் இருக்கும் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் சேர்த்துத்தான் வாங்குவார்கள். காலி பாட்டிலைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அந்தப் பத்து ரூபாய் திரும்ப வந்துவிடும். காட்டில் வீசப்படும் பாட்டில்கள் உடைந்து யானைகளின் காலைக் கிழிக்கின்றன என்ற கவலையில், சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டு 2022-ல் நீலகிரியில் தொடங்கிய திட்டம் இது. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. பாட்டிலில் அதற்கான ஸ்டிக்கர் இருந்தால் அது டெபாசிட். ஸ்டிக்கரும் இல்லை, பில்லும் இல்லை என்றால் அந்தப் பத்து ரூபாய்க்கு வேறு பெயர்.

ஜரிகையைப் பார்ப்பது போல லேபிளைப் பாருங்கள்

வெளியூரிலிருந்து சேலை எடுக்க வருகிறவர்களுக்கு ‘சில்க் மார்க் இருக்கா பாருங்க, ஜரிகையைப் பாருங்க, கோர்வையைத் திருப்பிப் பாருங்க’ என்று பாடம் எடுக்கும் ஊர் இது. அதே ஊர்க்காரர் பீர் வாங்கும்போது லேபிளைப் படிப்பதே இல்லை.

முதலில் தேதி. விஸ்கி மாதிரி பீர் வருஷக்கணக்கில் நிற்காது. தயாரித்த நாளிலிருந்து மாதங்கள் ஏற ஏற ருசி இறங்கும், ஈர அட்டை வாசம் வரும். கத்திரி வெயிலில் குடோனில் வெந்த கேஸ் என்றால் இன்னும் சீக்கிரம். ஒரே பிராண்டில் இரண்டு பாட்டில் இருந்தால் புதிய தேதியைக் கேட்டு வாங்குவதற்குக் கூடுதல் காசு கிடையாது. பாட்டில் கண்ணாடியின் நிறத்தையும் கவனிக்கலாம். பீரில் கசப்புக்காகச் சேர்க்கும் ஹாப்ஸ் பூவின் சத்து வெளிச்சம் பட்டால் கெட்டுப்போய் ஒரு நாற்றம் அடிக்கும். பழுப்புக் கண்ணாடி அதைப் பெருமளவு தடுக்கும், பச்சையும் வெள்ளையும் தடுக்காது. கேனுக்குள் வெளிச்சமே போகாது.

அடுத்து அளவு. உதாரணத்துக்கு, 500 மில்லி கேன் 160 ரூபாய், 650 மில்லி பாட்டில் 190 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கேனில் ஒரு மில்லி 32 பைசா, பாட்டிலில் 29 பைசா. போனில் கால்குலேட்டர் இருக்கிறது, ஒரு வகுத்தல்தான். ஆனால் தனியாகக் குடிக்கும் ஒருவருக்கு 650 மில்லி தேவையா என்பது இந்தக் கணக்கில் வராது. மலிவு என்று பெரியதை வாங்கி, வாங்கியாச்சே என்று முழுசையும் குடிப்பதுதான் வழக்கமாக நடக்கிறது.

மூன்றாவது, முக்கியமானது, ஸ்ட்ரெங்த். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018-ம் ஆண்டு விதிகளின்படி 5 சதவீதம் வரை ஆல்கஹால் இருந்தால் சாதாரண பீர், அதற்கு மேல் 8 சதவீதம் வரை ஸ்ட்ராங். நம் ஊரில் அதிகம் போவது ஸ்ட்ராங்தான். “பீர்தானே, பரவாயில்லை” என்கிறோமே, கணக்குப் போட்டுப் பார்ப்போம். 650 மில்லி பாட்டிலில் 8 சதவீதம் என்றால் 52 மில்லி சுத்தமான ஆல்கஹால். பிராந்தி, விஸ்கி பாட்டில்களில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். 60 மில்லி லார்ஜ் ஒன்றில் ஏறத்தாழ 26 மில்லி ஆல்கஹால். ஆக ஒரு ஸ்ட்ராங் பாட்டில் இரண்டு லார்ஜுக்குச் சமம். இரண்டு பாட்டில் அடித்துவிட்டு ‘நான் பிராந்தி எல்லாம் தொடறதில்லை’ என்று சொல்பவர் நான்கு லார்ஜ் அடித்திருக்கிறார்.

கூலிங்குக்கு ஏன் இவ்வளவு அடிதடி என்பதற்கும் இங்கே விடை இருக்கிறது. நாக்கு மரத்துப்போகும் அளவுக்குக் குளிர்ந்தால் ருசி தெரியாது. ஸ்ட்ராங் பீரில் எரியும் ஆல்கஹாலையும் தட்டையான இனிப்பையும் மறைக்க ஐஸ் குளிர்ச்சி தேவைப்படுகிறது. ருசிக்காகச் செய்த பீரை யாரும் அப்படிக் குடிக்க மாட்டார்கள்.

இன்ஸ்டாகிராமில் வரும் ‘காஞ்சிபுரத்தில் வீட்டுக்கே பீர் டெலிவரி, 30 சதவீதம் தள்ளுபடி’ மாதிரியான விளம்பரங்களைப் பற்றி ஒரு வரி போதும்: தமிழ்நாட்டில் மதுவுக்கு ஆன்லைன் டெலிவரி கிடையாது, அது முன்பணம் பறிக்கும் மோசடி. மதியம் 12 மணிக்கு முன்பும் இரவு 10 மணிக்குப் பிறகும் பாரில் கிடைக்கும் பாட்டிலும் சட்டவிரோதம். டாஸ்மாக்கை ஒட்டிய பார்களுக்கு சைட் டிஷ் விற்கத்தான் உரிமம், சரக்கு விற்க அல்ல. நட்சத்திர ஓட்டல் பார்களின் கதை வேறு. அங்கே சேவையும் சேர்ந்திருப்பதால் எம்.ஆர்.பி. கட்டாயமில்லை என்பது நீதிமன்றங்கள் ஏற்ற நிலைப்பாடு. சென்னை பப்களில் ஹேப்பி ஹவர் என்று குறைப்பதெல்லாம் அப்படி ஏற்றிவைத்த விலையிலிருந்துதான்.

கிராஃப்ட் பீர் இந்த ஊருக்குப் புதுசா?

பெரிய தொழிற்சாலையில் லட்சக்கணக்கான லிட்டர் ஒரே ருசியில் காய்ச்சி, லாரியில் ஏற்றி, மாதக்கணக்கில் தாங்கும்படி செய்வது வழக்கமான பீர். சின்ன அளவில், ஒவ்வொரு தடவையும் தானியம், ஹாப்ஸ், ஈஸ்ட் ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்துக் காய்ச்சுவது கிராஃப்ட் பீர். காய்ச்சும் இடத்திலேயே குழாயில் பிடித்துக் கொடுத்தால் அந்த இடம் மைக்ரோப்ரூவரி. எல்லா பீருக்கும் அடிப்படை ஒன்றுதான். முளைவிட்ட தானியத்தில் இருக்கும் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும், ஈஸ்ட் அந்தச் சர்க்கரையை ஆல்கஹாலாக்கும். கள் பீர் ஆகாது, ஏனென்றால் பனஞ்சாற்றில் சர்க்கரை ஏற்கெனவே இருக்கிறது, மாவை உடைக்கிற வேலையே இல்லை.

இந்த விளக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு பெரும்பாணாற்றுப்படையைப் புரட்டினால் ஆச்சரியம் காத்திருக்கிறது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பற்றிக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய சங்க நூல் இது. காஞ்சிக்குப் போகும் பாணனுக்கு வழியில் என்னென்ன சாப்பாடு கிடைக்கும் என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டே போவார். கிட்டத்தட்ட அந்தக் காலத்து ஃபுட் விலாக். வலை வீசிப் பிழைப்பவர்களின் குடியிருப்புக்கு வந்ததும் ஒரு செய்முறையே வருகிறது. நன்றாகக் குத்தித் தீட்டாத அரிசியைக் களியாகக் குழையக் காய்ச்ச வேண்டும். வாய் அகன்ற தட்டில் கொட்டி ஆறவைக்க வேண்டும். புற்றுக்குள் இருக்கும் குரும்பி போலத் தெரியும் ஒரு அடையை அதில் பிசைந்து கலக்க வேண்டும். இரண்டு பகல், இரண்டு இரவு விட வேண்டும். கெட்டியான வாயுள்ள சாடியில் முதிர்ந்ததும் விரலால் அலைத்து வடிகட்ட வேண்டும். தொட்டுக்கொள்ளச் சுட்ட மீன்.

அரிசி, புளிக்க வைக்கும் அடை, சாடி, வடிகட்டல். இன்றைய பாஷையில் அது அரிசி பீர். சைட் டிஷ் உட்பட மெனு முழுசாக இருக்கிறது.

பல்லவர் காலத்திலும் இந்த ஊர் வறண்டு கிடக்கவில்லை. 7-ம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் எழுதிய ‘மத்தவிலாச பிரகசனம்’ என்ற சமஸ்கிருத நகைச்சுவை நாடகம் நடப்பதே காஞ்சிபுரத் தெருக்களில்தான். சத்தியசோமன் என்ற காபாலிகனும் தேவசோமையும் குடிபோதையில் சுற்றுகிறார்கள், பிச்சைப் பாத்திரமான மண்டையோடு காணாமல் போகிறது, பழி ஒரு புத்த பிட்சு மேல் விழுகிறது. கடைசியில் பார்த்தால் தூக்கிக்கொண்டு போனது ஒரு நாய். குடியைக் கிண்டலடித்து நாடகம் போட ஒரு ராஜாவே கிளம்பியிருக்கிறார் என்றால் ஊரில் குடி எந்த அளவுக்கு இருந்திருக்கும்!

இதைச் சொல்வது ‘பாட்டன் குடித்தான், நாமும் குடிப்போம்’ என்பதற்காக அல்ல. மற்ற மாநிலங்கள் இப்படிப்பட்ட பழைய பானங்களை என்ன செய்கின்றன என்று பார்ப்பதற்காக. அசாமின் திமாசா மக்கள் அரிசியில் செய்யும் ஜுதிமாவுக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. காஞ்சிப் பட்டுக்கு இருக்கிறதே, அதே குறியீடு. கோவாவின் முந்திரி ஃபெனிக்கு 2009-லேயே கிடைத்துவிட்டது. தமிழ்நாட்டில் கள்ளுக்குக்கூட 1987 ஜனவரி 1 முதல் தடை. ‘வீட்டிலேயே ட்ரை பண்ணிப் பார்க்கலாமே’ என்று யாராவது யோசித்தால், அந்த ஐடியாவை அப்படியே மூடி வையுங்கள். உரிமம் இல்லாமல் மது காய்ச்சுவது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம், சொந்த உபயோகத்துக்கு என்றாலும்தான். ஆன்லைனில் விற்கும் ஹோம் ப்ரூ கிட்டும் அதற்கு விதிவிலக்கு இல்லை.

தமிழ்நாட்டில் சின்ன ப்ரூவரிகளே இருந்ததில்லை என்றும் சொல்ல முடியாது. வெள்ளைக்காரர் காலத்தில் நீலகிரிக் குளிரில் சில இருந்தன. 1915-ல் தாமஸ் லெய்ஷ்மேன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தென்னிந்தியாவின் ஐந்து ப்ரூவரிகளைச் சேர்த்துத்தான் யுனைடெட் ப்ரூவரிஸை உருவாக்கினார். நீலகிரியில் இருந்ததும் அதில் ஒன்று. இன்று எல்லோருக்கும் தெரிந்த கிங்ஃபிஷர் அந்தக் கம்பெனியின் பீர்தான். சின்னவை எல்லாம் சேர்ந்து பெரிசு ஆனது, பிறகு பெரிசுகளுக்கு மட்டும் ஏற்றபடி சட்டம் ஆனது.

275 கிலோமீட்டரா, 115 கிலோமீட்டரா?

கர்நாடகம் பாதையை மாற்றிக்கொண்டது. 2011 வாக்கில் பெங்களூருவில் ‘தி பியர் கிளப்’ முதல் மைக்ரோப்ரூவரியாக வந்தது. இந்திராநகரில் ‘டாய்ட்’, அடுத்த வருஷம் ‘ஆர்பர்’, ஒயிட்ஃபீல்டில் ‘விண்ட்மில்ஸ்’ என்று வரிசையாகக் கிளம்பி, இப்போது டஜன் கணக்கில் இருக்கின்றன. காஞ்சிபுரத்திலிருந்து தேசிய நெடுஞ்சாலை 48-ல் நேராகப் போனால் சுமார் 275 கிலோமீட்டர். டாய்ட்டில் ‘பாஸ்மதி பிளாண்ட்’ என்று அரிசி சேர்த்த பீர் ஒன்று பிரபலம். இளந்திரையன் ஊர்க்காரர்கள் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

பக்கத்தில் என்றால் புதுச்சேரி. சுமார் 115 கிலோமீட்டர். அங்கே ‘கேட்டமரான்’ என்ற மைக்ரோப்ரூவரி இருக்கிறது. சென்னையிலேயே இன்னும் இந்தக் கலாசாரம் வளராத நிலையில், வடதமிழ்நாட்டுக்காரர்களுக்கு இது ஒரு பகல் பயணத்தில் முடிகிற தூரம். மைக்ரோப்ரூவரி விலை டாஸ்மாக் விலையோடு ஒப்பிடும் விலை அல்ல, இடத்துக்கும் சமையலுக்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறோம். பெங்களூருவில் வார நாள் மதியங்களில் பல இடங்கள் விலை குறைப்பது வழக்கம். அந்த வகையில் உண்மையான ஆஃபர் வேண்டும் என்றால் சனிக்கிழமை ராத்திரி போகக் கூடாது.

போய் உட்கார்ந்ததும் பெரிய மக் ஆர்டர் பண்ண வேண்டாம். ‘சாம்ப்ளர்’ அல்லது ‘டேஸ்டிங் ட்ரே’ கேளுங்கள். சின்ன கிளாஸ்களில் ஐந்தாறு வகை வரும். புதியவர்களுக்கு இதுதான் சரியான டீல், பிடிக்காத ஒன்றுக்கு முழுக் காசு போகாது. லேசானதில் ஆரம்பித்துக் கறுப்பில் முடிப்பது முறை. கசப்பை முதலில் குடித்தால் அப்புறம் வருவது எல்லாம் தண்ணீர் மாதிரி இருக்கும்.

ஹெஃபவைசன் என்ற ஜெர்மன் கோதுமை பீரை மோந்து பார்த்தால் வாழைப்பழமும் கிராம்பும் வாசனை அடிக்கும். பழமும் போடவில்லை, கிராம்பும் போடவில்லை, எல்லாம் ஈஸ்ட் செய்த வேலை. பெல்ஜியன் விட் வகையில் ஆரஞ்சுத் தோலோடு கொத்தமல்லி விதை போடுவார்கள், அதாவது நம்ம தனியா. ரசத்துக்கு வறுத்து அரைக்கிற வீட்டில் வளர்ந்தவருக்கு அந்த வாசனை உடனே பிடிபடும். ஐ.பி.ஏ. என்றால் ஹாப்ஸ் தூக்கல், பாகற்காய் பிடித்தவர்களுக்கு ஓகே. ஸ்டவுட்டில் தானியத்தைக் கருகும் பக்குவம் வரை வறுப்பார்கள், சர்க்கரை கம்மியான டிகிரி காபியின் அடிக்கசப்பு அதில் இருக்கும். புளிப்பு பீர் என்று ஒன்று கொடுத்தால் முகம் சுளிக்காதீர்கள். ராத்திரி முழுக்கப் புளிக்கவைத்த இட்லி மாவில் வேலை செய்யும் அதே லாக்டிக் வகை பாக்டீரியாக்களின் உறவுக்காரர்கள்தான் அங்கேயும். மிளகும் சீரகமும் சுக்கும் போட்ட காஞ்சிபுரம் இட்லியின் இளம்புளிப்பைப் பிடித்தவருக்கு அது அந்நியமாகத் தெரியாது.

கிளாஸை மூக்குக்குப் பக்கத்தில் வைத்து மோந்து, ஒரு வாய் குடித்து, ஒரு நிமிஷம் விட்டு மறுபடி ஒரு வாய். கூடவே தண்ணீர். கோதுமை பீரும் ஸ்டவுட்டும் கொஞ்சம் குளிர் இறங்கியதும்தான் வாயைத் திறக்கும், அதனால் அவசரம் வேண்டாம். ஐந்து சின்ன கிளாஸும் மொத்தமாகச் சேர்ந்தால் அரை லிட்டரைத் தாண்டலாம் என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

பிடித்துப்போனால் ஒரு பாட்டில் பேக்கில் போட்டுக்கொண்டு வரலாமா? கூடாது. புதுச்சேரியில் மலிவு என்று வாங்கி, தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டிக் கொண்டுவருவது மதுவிலக்குச் சட்டத்தில் வழக்காகும், வண்டியும் பறிமுதல் ஆகலாம். எல்லை செக்போஸ்ட்களில் இது தினசரி நடக்கும் விஷயம். 50 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் பைக்கை ஸ்டேஷனில் விட்டுவிட்டு வந்தவர்கள் கதை எல்லா ஊரிலும் உண்டு.

வண்டி ஓட்டுவதைப் பற்றிப் பேச்சே வேண்டாம். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால் தாண்டினால் முதல் தடவைக்கு 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டும் சேர்ந்தோ கிடைக்கலாம். ஒரு ஸ்ட்ராங் பாட்டில் குடித்த பலர் அந்த 30-ஐ எளிதில் தாண்டிவிடுவார்கள். திருப்பதி - புதுச்சேரி ரயில் காஞ்சிபுரம் வழியாகத்தான் போய்வருகிறது. பஸ்ஸும் உண்டு. போகும்போதே திரும்பும் நேரத்தைப் பார்த்து டிக்கெட்டைப் போட்டுவிடுங்கள். கடைசி வண்டியை விட்டுவிட்டால் அங்கேயே ரூம் எடுத்துத் தூங்கிவிட்டுக் காலையில் கிளம்புங்கள்.